மொறிஸ் மைனருக்கு ஒரு கொட்டில்

2021 பெப்ரவரி கடைசி வாரம். இரண்டு கிழமையாக உறைந்து கிடந்த கனடாவின் ஸ்காபரோவில் திடீரென்று வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே ஐந்து பாகைக்கு ஏறி, கூரைகளிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. காரை ஒருமுறை எட்டிப் பார்ப்போம் என்று நீலத் தறப்பாளின் முன்மூலையைத் தூக்கினேன். முகத்தில் அடித்தது பூஞ்சண மணம். முன்கண்ணாடியில் துளித்துளியாய் வேர்வை. பொனற்றின்மேல் கையை வைத்தால், குளித்துவிட்டு வந்தவன் முதுகு மாதிரி ஈரம். மழை ஒரு துளி உள்ளே போகாதபடி கட்டியிருந்தேன், கயிறு போட்டு, அடியிலும் இழுத்து. அந்த ஈரமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவேயில்லை.

பெரியப்பா பின்னால் வந்து நின்றார். "உதென்ன மோனை, சோத்துப் பார்சல் மாதிரிக் கட்டி வச்சிருக்கிறாய்? வேர்க்காமல் என்ன செய்யும்?"

எனக்கு வேண்டிய விளக்கம் முழுவதும் அதில் இருந்தது. ஆனால் அது மண்டையில் ஏற எனக்கு இன்னும் சில நாள் பிடித்தது.

கார் 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். 948 சிசி என்ஜின், சாம்பல் நிறம், இடப்பக்க ஸ்ரியறிங். பீற்றர்பரோப் பக்கம் ஒரு பண்ணை வீட்டுக் களஞ்சியத்தில் பல வருடம் நின்றதை 2020 ஓகஸ்டில் வாங்கிவந்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் ஏன் மொறிஸ் மைனர் வாங்கினான் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெரியப்பா ஊரில் இதே காரை வாடகைக்கு ஓட்டியவர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் காபுரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கூட்டத்தில் அவரும் ஒருவர். ஸ்ரியறிங் பிழையான பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் இந்தக் காரைப் பற்றி அவருக்கு இருக்கும் ஒரே குறை.

எங்கள் வீட்டுக்குக் கராஜ் இல்லை. வீட்டுக்குப் பக்கவாட்டில் பின்வளவு வரை போகும் தார் போட்ட டிறைவ்வே மட்டும்தான். உள்ளறையில் கார் நிறுத்த மாதவாடகை கேட்டுப் பார்த்தேன். ஆறு மாதக் காசைச் சேர்த்தால் காருக்குப் புது மட்காட் வாங்கலாம் போலிருந்தது. ஆகவே வெளியில்தான் நிற்கப்போகிறது. எப்படி நிற்கப்போகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தது குளிருக்கு. இரும்புக்குக் குளிர் ஒன்றும் செய்யாது. கறள் பிடிக்க ஈரம் வேண்டும், உப்பு இருந்தால் வேகம் கூடும், சூடு இருந்தால் இன்னும் கூடும். உப்பு றோட்டில் ஓடிய காரை ஒவ்வொரு இரவும் சூடேற்றிய கராஜுக்குள் விட்டால், வெளியில் உறைந்து நிற்கும் காரைவிட அதுதான் சீக்கிரம் கறள் பிடிக்கும். குளிர்ந்த காற்றில் ஈரமும் குறைவு. 20 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் ஒரு கிராம் அளவுதான். ஆபத்து வருவது குளிர் முறியும் நாளில். கார் என்பது 750 கிலோ இரும்பு. பல நாள் உறைந்து கிடந்தது ஒரு மணித்தியாலத்தில் சூடாகிவிடாது. இளஞ்சூடான ஈரக்காற்று அதன்மேல் படும்போது, பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் வேர்ப்பதுபோல் முழுக் காரும் வேர்க்கும். காற்றோட்டம் இருந்தால் அந்த வேர்வை பின்னேரத்துக்குள் காய்ந்துபோகும். பிளாஸ்ரிக்கால் கட்டி வைத்தால் அங்கேயே நிற்கும். தாரிலிருந்தும் அதன் வெடிப்புகளுக்குள் கிடக்கும் மண்ணிலிருந்தும் எழும் ஈரமும் அதோடு சேரும்.

தறப்பாள் செய்த இன்னொரு வேலையும் இருந்தது. காற்றுக்கு அது அடித்த இடமெல்லாம், தூசியையும் சேர்த்து வைத்து, பெயின்ரை அரத்தாள் போட்டதுபோல் தேய்த்திருந்தது. முன் மட்காட்டின் வளைவில் உள்ளங்கையளவுக்குக் கீழ்ப்பூச்சே தெரிந்தது.

உள்ளே இன்னும் ஒரு கூத்து. ஈரத்தை உறிஞ்சும் என்று கடையில் விற்கும் வெள்ளை உருண்டை டப்பா இரண்டை முன் இருக்கைகளின் கீழே வைத்திருந்தேன். அதற்குள் இருப்பது கல்சியம் குளோரைட். நன்றாகத்தான் உறிஞ்சியது, உறிஞ்சிக் கரைந்து, டப்பா நிறைய உப்புத் தண்ணீர். வீதியில் பனியை உருக்கக் கொட்டும் அதே உப்புக் குடும்பம். காரை ஒதுக்க நாலுபேர் சேர்ந்து தள்ளியபோது ஒரு டப்பா கவிழ்ந்து, தரைத் தகரத்தின் மடிப்புக்குள் ஓடிவிட்டது. காரை உப்பு றோட்டில் விடக்கூடாது என்று ஐந்து மாதம் காவல் இருந்துவிட்டு, நானே உப்பைக் கொண்டுபோய் உள்ளே ஊற்றியிருக்கிறேன். அன்றே பாயைக் கிழித்தெடுத்து, சுடுதண்ணீர் விட்டுவிட்டுத் துடைத்தேன். இப்போது சிலிக்கா ஜெல் பைகள்தான். நிறைந்தால் அடுப்பில் காயவைத்துத் திரும்பவும் போடலாம், கவிழ்ந்தாலும் மணிதான் உருளும்.

நாலுபேர் தள்ளினோம் என்றேன் அல்லவா? ஏனென்றால் பின்சில்லு இரண்டும் சுற்றவில்லை. கைபிறேக்கை இழுத்துவிட்டே விட்டிருந்தேன். பிறேக் சூ டிரம்மோடு ஒட்டிப்போயிற்று. பெரியப்பா டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்ட, ஒரு பக்கம் 'டக்' என்று விட்டது. மற்றப் பக்கத்துக்கு டிரம்மைக் கழற்ற வேண்டிவந்தது. இப்போதெல்லாம் கைபிறேக் போடுவதில்லை. சில்லுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைதான்.

சரி, இனிக் கொட்டில்.

அந்தக் கோடை முழுக்க விலைக்கு விற்கும் கூடாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்புக் குழாய், வெள்ளைத் துணி, வட்டக்கூரை. எங்கள் தெருவில் ஒன்று முந்திய குளிர்காலத்தில் மடிந்து உள்ளே நின்ற வானின்மேல் படுத்ததைக் கண்ணால் கண்டவன் நான். கணக்குப் போட்டால் ஆச்சரியமில்லை. புதுப் பனி இலேசு, கன மீற்றருக்கு 100 கிலோ அளவு. ஈரப் பனி 300 கிலோ வரும். மூன்று மீற்றர் அகலம், ஆறு மீற்றர் நீளக் கூரையில் 20 சென்ரிமீற்றர் ஈரப்பனி தங்கினால் ஒரு தொன்னுக்கு மேல். மெல்லிய குழாய் எப்படித் தாங்கும்? தாங்கும் கூரையைக் கட்டுவதைவிட, பனி தங்காத கூரையைக் கட்டுவது சுலபம்.

அது பெரியப்பாவின் வார்த்தை. கிடுகு வேய்ந்த கூரையைச் சரிவாகத்தான் கட்டுவார்கள். சரிவு குறைந்தால் மழைத்தண்ணீர் ஓடாமல் நின்று ஓலை உக்கிப்போகும். "பனியும் தண்ணிதானே மோனை, கொஞ்சம் சோம்பேறித் தண்ணி. இன்னும் சரிவாய்க் கட்டு." காட்போட் மட்டை ஒன்றில் ஒரு முக்கோணம் கீறிக் காட்டினார். சுவரே இல்லை, கூரை நிலம் வரை வருகிறது. பனையடியில் காவலிருக்கப் போடும் கொட்டில்.

பக்கம் மூன்றும் பத்தடி. சமபக்க முக்கோணம் என்பதால் கோணம் எல்லாம் 60 பாகை, உயரம் எட்டடி எட்டு அங்குலம். அளவை நினைவு வைத்திருப்பதும் சுலபம், வெட்டுவதும் சுலபம். மொறிஸ் மைனர் ஐந்தடி உயரம், ஐந்தடி சொச்சம் அகலம், பன்னிரண்டரை அடி நீளம். காரின் கூரை மட்டத்தில் கொட்டிலின் உள்ளகலம் நாலடிக்குக் கொஞ்சம் மேல். இந்தக் காரின் கூரை முட்டைபோல் வளைந்து ஒடுங்குவதால் ஒவ்வொரு பக்கமும் நாலு விரல் மிஞ்சியது. பெட்டி மாதிரி இருக்கும் கார் என்றால் இது சரிவராது, அடியை அகட்ட வேண்டும். கதவு பாதிதான் திறக்கும். நான் ஒல்லி, பெரியப்பாவுக்கு உள்ளே போகும் எண்ணம் இல்லை.

மரம் வாங்கப் போனபோதுதான் சோதனை. 2021இல் மரவிலை போன உயரம் இந்த ஊரில் வீட்டுவேலை செய்த எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வசந்தத்தில் வாங்காமல் செப்ரெம்பர் வரை பொறுத்தேன், விலை இறங்கியது. இரண்டுக்கு நாலு மரம், பத்தடித் துண்டு பதினாலு: ஏழு சோடி. சோடிக்குச் சோடி 32 அங்குல இடைவெளி, மொத்த நீளம் பதினாறு அடி. முகட்டில் ஒவ்வொரு சோடியையும் ஒரே ஒரு போல்ற்றால் பூட்டினேன், ஆணி அடிக்கவில்லை. ஏப்ரலில் கத்தரிக்கோல்போல் மடித்து வைக்கலாம். ஏழடி உயரத்தில் குறுக்கே ஒரு துண்டு. முகட்டு நீளத்துக்கு ஒரு மரம். இரண்டு பக்கமும் கோணல் மரம் ஒவ்வொன்று. இது இல்லாவிட்டால் ஏழு சோடியும் சீட்டுக்கட்டு மாதிரி ஒருபக்கமாய்ச் சரியும். பூட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை சரிந்தது.

கால்கள் விரியாமல் இருக்க நிலத்தில் குறுக்குமரம் மூன்று. கொட்டில் பறக்காமல் இருக்க இரண்டு பக்கமும் அடிமரத்தின்மேல் மணல்மூட்டை, பக்கத்துக்கு ஆறு. தாரைத் துளைத்து ஆணி இறக்க எனக்கு மனம் வரவில்லை. கொட்டில் வீட்டுக்குப் பின்னால், தெருவுக்குத் தெரியாத இடத்தில். முன்முற்றத்தில் இப்படி ஏதும் போடுவதென்றால் உங்கள் நகரசபையில் கேட்டுவிட்டுப் போடுங்கள், ஊருக்கு ஊர் விதி வேறு.

கூரைக்குத் தறப்பாளேதான், இம்முறை வெள்ளை, தடிப்பு. காரில் தொடாமல் மரத்தில் இழுத்து, மேலே சட்டம் வைத்து இறுக்கியது. தொய்வு இருந்தால் பனி தங்கும், இழுத்துக் கட்டினால் வழுக்கும். நிலத்திலிருந்து ஓரடி உயரம் வரை மூடவில்லை, காற்றுக்கு. இரண்டு முகப்பிலும் நிழல்வலை. காற்றோடு வரும் பனித்தூள் வலையில் வேகம் குறைந்து வெளியிலேயே விழுந்துவிடும், காற்று மட்டும் உள்ளே வரும். காரின்மேல் ஒன்றும் போர்த்தவில்லை, பழைய பருத்தி விரிப்பு இரண்டைத் தவிர.

அம்மா சமையலறை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்குள்ள மனிசருக்கு இடமில்லை, காருக்குக் கொட்டில்" என்றார். ஆனால் விரிப்புத் தந்தது அவர்தான்.

நிலத்துக்குத் தடித்த பொலித்தீன் விரித்து அதன்மேல் பிளைவுட். மண்ணீரம் ஏறாது என்பது ஒன்று, சில்லு பனியோடு உறைந்து ஒட்டாது என்பது மற்றது. புல்தரையில் மட்டும் எந்தக் காரையும் விடாதீர்கள். புல் குளிர்காலத்திலும் ஈரம் விடும்.

காரைத் தயார் பண்ணியது ஒரு முழு வார இறுதி. நாளை முடிவு செய்வது நானில்லை, நகரசபை லொறி. முதல் பனிக்கு முன்பே பெருவீதிகளில் உப்புநீர் தெளிப்பார்கள், தாரில் நீளநீளமாய் வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டைக் கண்டால் அன்றோடு ஓட்டம் நின்றது. 2021இல் நவம்பர் இரண்டாம் கிழமையில் கடைசியாய் ஓட்டி, அடிப்பாகத்தைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டேன். பெட்டிப்பகுதிகளுக்குள்ளும் பின் வில் பூட்டும் இடத்திலும் ஜக் வைக்கும் இடத்திலும் கறளைத் தடுக்கும் லனோலின் எண்ணெய் அடிப்பது செப்ரெம்பரிலேயே முடிந்திருந்தது. சூட்டில்தான் அது மடிப்புகளுக்குள் ஊறும். மைனர் கறள் பிடித்துச் சாவது இந்த இடங்களில்தான். பெயின்ற் பளபளப்பாக இருக்கும், அடியில் அலவாங்கால் குத்தினால் உள்ளே போகும்.

முன்சில்லுப் பூட்டுகளில் கிரீஸ் நிப்பிள் உண்டு. பழைய கிரீஸை வெளியே தள்ளும் வரை புதுக் கிரீஸ் அடித்தேன். இதைக் கவனிக்காமல் விட்டால் மைனரின் முன்சில்லு ஒரு நாள் கழன்று மடிந்து படுக்கும், அது இந்தக் காரின் பேர்போன வியாதி. அடித்தபோது முதலில் வந்தது கிரீஸ் அல்ல, துருநிறத் தண்ணீர். அதற்குள் தண்ணீர் நின்றிருக்கிறது என்றால் குளிரில் உறைந்தும் இருக்கும்.

உறையும் தண்ணீர் என்றதும் றேடியேற்றர். அன்ரிஃபிறீஸும் தண்ணீரும் பாதிக்குப்பாதி கலந்தால் பூச்சியத்துக்குக் கீழே 37 பாகை வரை உறையாது. அன்ரிஃபிறீஸின் மூலப்பொருளான எதிலீன் கிளைக்கோல் தனியே என்றால் கீழே 13இலேயே உறைந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. கூடவிட்டால் கூடப் பாதுகாப்பு என்று முழுதாய் ஊற்றுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். என் காரில் என்ன இருக்கிறது என்று மிதவை வைத்த சோதனைக் குழாயால் உறிஞ்சிப் பார்த்தேன். கீழே 15க்குத்தான் காவல் என்று காட்டியது. முந்திய குளிர்காலம் எப்படித் தப்பியது என்று நினைக்கக் குலை நடுங்கியது.

வடிக்கத் தொடங்கினேன். றேடியேற்றரின் அடித்திருகியைத் திறக்க மூன்று லீற்றர்போல் வந்தது. என்ஜின் புளொக்கின் பக்கத்தில் இன்னொரு சின்னப் பித்தளைத் திருகி இருக்கிறது. அதைத் திறந்தேன், ஒரு சொட்டும் வரவில்லை. இங்கேதான் ஆட்கள் ஏமாறுவது, காலியாகிவிட்டது என்று நினைத்து மூடிவிடுவார்கள். சைக்கிள் கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் குடைந்தேன். முதலில் கபில நிறச் சேறு, களிமண் மாதிரி, நூலாக இறங்கியது. இன்னும் குடைய, இருமல் மாதிரி ஒரு சத்தம், பிறகு என் கை, சட்டை, கண்ணாடி எல்லாம் நனைய மிச்சத் தண்ணீர் பாய்ந்தது. வடித்தேன் என்று நம்பி விட்டிருந்தால், ஜனவரியில் புளொக் வெடித்திருக்கலாம். இரண்டுமுறை கழுவி, பழைய பச்சைநிற வகை அன்ரிஃபிறீஸைப் பாதிக்குப்பாதி விட்டு, பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டேன், ஹீற்றரும் திறந்தபடி.

பெற்றோலுக்கு வருவோம். எதனோல் தண்ணீரை இழுக்கும், பழைய றப்பரைத் தின்னும். எதனோல் கலக்காத பெற்றோல் தேடி அடித்தேன், தாங்கியை வாய்க்குக் கொஞ்சம் குறைய நிரப்பினேன். காலி இடம் குறைந்தால் உள்ளே வேர்க்கும் காற்றும் குறைவு. பழுதாகாமல் வைத்திருக்கும் மருந்தை ஊற்றி, அது காபுரேற்றர் வரை வர ஒரு சுற்று ஓட்டினேன். பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "மண்ணெண்ணெயில ஓடின காருக்கு மருந்தோ?" என்றார். அங்கே ஊற்றிய எதுவும் ஆறு மாதம் தாங்கியில் நின்றதில்லை, அன்றன்றைக்கே முடிந்துவிடும் என்று சொன்னேன். ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

ரயர் விஷயத்தில் கணக்கு உதவும். இந்தக் காருக்கு முன்னுக்கு 22 இறாத்தல் காற்றுப் போதும். நவம்பரில் 12 பாகையில் 22 அடித்துவிட்டால், கீழே 22 பாகை வரும் இரவில், ஒரு மூச்சும் கசியாமலே அது பதினேழரைக்கு இறங்கிவிடும். அப்படித் தொய்ந்து மாதக்கணக்கில் நின்றால் அடி தட்டையாகும். 35 அடித்து விட்டேன், அது 29 வரைதான் இறங்கும். சில்லைத் தூக்கி நிறுத்தச் சொல்வார்கள். உள்ளறையில் சரி. வெளியில் தார் உறைந்து, உருகி, திரும்பவும் உறையும்போது தூக்கிய தாங்கி சாயலாம், எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை காரை அரைச் சுற்று முன்னே தள்ளிவிட்டால் போதும்.

பற்றரியைக் கழற்றிப் பேஸ்மென்ற்றுக்குக் கொண்டுபோனேன். நிறையச் சார்ஜ் உள்ள பற்றரி இந்த ஊர்க் குளிரில் உறையாது. இறங்கிய பற்றரி கீழே ஏழெட்டுப் பாகையிலேயே உறைந்து வெடிக்கும். மைனரில் ஒரு புதினம்: பொசிற்றிவ்தான் உடம்போடு பூட்டியிருக்கும், இன்றைய கார்களுக்கு மறுவளம். ஆகவே முதலில் கழற்ற வேண்டியது பொசிற்றிவ் கம்பி. பழக்கதோசத்தில் நெகற்றிவ்வில் ஸ்பனரை வைத்து, ஸ்பனர் மறுநுனி பொனற் விளிம்பில் பட்டு, ஒரு நீலப் பொறி. ஸ்பனரில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சீமெந்துத் தரையில் வைத்தால் பற்றரி இறங்கும் என்பது பழைய கதை. இன்றைய பிளாஸ்ரிக் கூட்டுப் பற்றரிக்கு அது பொருந்தாது. பெரியப்பா கேட்கவில்லை, பலகை வைத்தார். சரி, பலகையில் இருக்கட்டும்.

என்ஜின் ஒயிலை மாற்றினேன், பழைய ஒயிலில் ஊறிய அமிலமும் ஈரமும் ஆறு மாதம் பேரிங்கில் இருக்கக்கூடாது. நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி ஒயில். கிளச் மிதியை ஒரு தடியால் அமர்த்தி வைத்தேன். புகைக்குழாய் வாயிலும் காற்றுவடி வாயிலும் சட்டி தேய்க்கும் கம்பித்தும்பு, எலிக்கு. ஸ்ரியறிங்கில் ஒரு கடதாசி: 'பின்னுக்கும் முன்னுக்கும் தும்பு இருக்கு.' புதினாத் தைலம், வாசனைக் கடதாசி எல்லாம் முந்திய வருடம் வைத்துப் பார்த்தேன். எலி அந்தக் கடதாசியையே கிழித்துக் கூடு கட்டியிருந்தது. பொறிதான் மருந்து.

காப்புறுதியில் ஓட்டத்துக்கான பகுதிகளை நிறுத்திவைத்து, தீ, களவு, மரம் விழுதல் போன்றவற்றுக்கான பகுதியை மட்டும் விட்டுவைத்தேன். அந்த நாட்களில் தெருவில் ஒரு அடியும் ஓட்டக்கூடாது.

கொட்டிலுக்குச் சோதனை 2022 ஜனவரி 17, திங்கட்கிழமை வந்தது. ஒரே நாளில் 30 சென்ரிமீற்றருக்கு மேல் பனி. பேருந்துகள் நடுத்தெருவில் நின்றன. நான் விடிய நாலு மணிக்கே எழும்பி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். பனி கூரையில் இரண்டு மூன்று விரல் கனத்துக்குச் சேரும், பிறகு சத்தமே இல்லாமல் முழுத் தகடாய்க் கீழே இறங்கும். திரும்பச் சேரும், திரும்ப இறங்கும். மத்தியானத்துக்குள் ஐந்தாறு முறை பார்த்திருப்பேன். முகடு ஒரு அங்குலமும் தாழவில்லை. அந்த மகிழ்ச்சி மறுநாள் காலை வரைதான்.

வழுக்கிய பனி எங்கே போகும்? இரண்டு பக்கமும் இடுப்புயரத்துக்குக் குவிந்து, நான் காற்றுக்கு விட்ட ஓரடி இடைவெளியை முற்றாக அடைத்து, தறப்பாளை உள்ளே தள்ளிக் கதவுப்பிடியில் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் யோசிக்காத விஷயம். ஊரில் கூரையால் இறங்கும் தண்ணீர் ஓடிவிடும். இங்கே இறங்கியது அங்கேயே குடியிருக்கும். சவலை எடுத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் வெட்டினேன். அடுத்த வருடம் அடியில் பிளைவுட் துண்டுகளை உள்பக்கமாய் நிறுத்தி, காற்றுக்கு முகட்டின் கீழே இரண்டு முக்கோண வாய் விட்டேன். இப்போது அடைத்தாலும் மேலால் மூச்சு விடும். ஆனாலும் ஒவ்வொரு பெரும்பனிக்குப் பிறகும் வெட்டத்தான் வேண்டும்.

பெப்ரவரி நடுவில் மழையோடு குளிர் முறிந்தது. முந்திய வருடம் கார் குளித்துக் கிடந்த அதே மாதிரி நாள். நிழல்வலையை விலக்கி உள்ளே புகுந்தேன். பொனற் வேர்த்திருந்தது, மறைக்கவில்லை. பின்னேரம் நாலு மணிக்குத் திரும்பப் போய்த் தடவினேன். தூசிதான் கையில் வந்தது.

இடையில் ஒருமுறையும் ஸ்ராட் பண்ணவில்லை. பத்து நாளுக்கு ஒருதரம் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள் என்று சொல்லாத ஆள் இல்லை. ஐந்து நிமிடத்தில் என்ஜின் சூடாகாது. எரிந்ததில் உண்டாகும் நீராவி புகைக்குழாயிலும் ஒயிலிலும் தண்ணீராய்த் தங்கும். அதைவிடத் தூங்க விடுவது மேல்.

ஏப்ரலில் பனி போனதும் ஓடவில்லை. றோட்டில் உப்புத்தூள் கிடக்கும். இரண்டு மூன்று பெருமழை அதைக் கழுவட்டும் என்று காத்திருந்தேன். கடதாசியை வாசித்துத் தும்பு இரண்டையும் எடுத்தேன். பிளக் இல்லாமலே கைப்பிடியைப் போட்டு, ஒயில் எல்லா இடமும் ஏற, இருபது சுற்றுச் சுற்றினேன். மைனரின் முன்னால் ஒரு துளை உண்டு, அதற்குள் கைப்பிடியை விட்டு என்ஜினைக் கையாலே சுற்றலாம். பிறகு பற்றரியைப் பூட்டிச் சாவியைத் திருப்ப, பெற்றோல் பம்ப் பேசத் தொடங்கியது: டிக்டிக்டிக்டிக் என்று அவசரமாய், காபுரேற்றர் கிண்ணம் நிறைய நிறையச் சத்தம் தூரமாகி, டிக், டிக், பிறகு நின்றது. நிற்காமல் அடித்துக்கொண்டேயிருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். நின்றது.

பிளக்குகளைப் பூட்டியபின் பெரியப்பா கைப்பிடியைக் கேட்டார். 78 வயது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடித்தார். சுற்றிப் பிடித்தால், என்ஜின் திருப்பி அடிக்கும்போது விரல் முறியும். கீழிருந்து மேலே ஒரு இழுவை. ஒன்றுமில்லை. சோக்கை நான் இன்னும் கொஞ்சம் இழுத்தேன். இரண்டாவது இழுவையில் பிடித்துக்கொண்டது. சிலிண்டருக்குள் விட்ட ஒயில் எரிந்து பின்வளவு முழுக்க நீலப்புகை. அவர் புகைக்குழாய்ப் பக்கம் போய் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "வாசமில்லை" என்றார். மண்ணெண்ணெய் வாசத்தைத்தான் சொன்னார்.

பிறேக்கை மூன்று நாலு தரம் மிதித்துப் பார்த்து, காற்றை 22க்கு இறக்கி, தெருமுனை வரை ஓட்டிவந்தேன். முதல் நூறு மீற்றருக்கு ரயர் தட்டையாய் 'தொப் தொப்' என்றது, பிறகு சரியாயிற்று. அந்தக் குளிர்காலம் தந்த சேதம் முன்கண்ணாடி றப்பரில் ஒரு வெடிப்பும் பொனற் பூட்டில் கொஞ்சம் கறளும். அவ்வளவுதான்.

கொட்டிலைக் கழற்ற ஒரு பின்னேரம் போதும். ஐந்து சோடி மரம் வேலியோடு சாத்தியிருக்கிறது. மிச்சம் இரண்டு சோடியை அம்மா எடுத்துப் பின்வளவில் பாவற்கொடிக்குப் பந்தலாய் நட்டுவிட்டார். ஒவ்வொரு ஒக்டோபரும் போய்க் கேட்கிறேன். இன்னும் பிஞ்சு நிற்குது, முதல் உறைபனி விழட்டும் என்கிறார்.